அந்த எண்ணை எந்த இடத்தில் தொட்டு எடுத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிவியல் பக்கத்தில், வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக மாற்றும் பொருள்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செங்கல் சூளையிலும் ஆலைப் புகைபோக்கியிலும் வீணாகப் போகிற சூட்டைப் பற்றித் தமிழில் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மனதார நன்றி. ஆனால் கட்டுரையில் ஒரு பெட்டி போட்டு, இந்தப் பொருளுக்குத் தகுதி எண் (சூட்டை எவ்வளவு நன்றாக மின்சாரமாக்கும் என்பதற்கான அளவு) 1, அதற்கு 2.6 என்று வரிசையாகக் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பெட்டிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் மதுரைக்காரன். ஓர் இயற்பியல் ஆய்வகத்தில் 31 வருஷம் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் கடைசிப் பத்துப் பதினைந்து வருஷம் இந்த வெப்பமின் பொருள்களோடுதான் கழிந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் உருக்குவார்கள். நான் அறுப்பேன், பாலிஷ் போடுவேன், கம்பி வைப்பேன், அளப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு பொருளுக்கு ஒரே எண் என்பது பல நேரம் சரியில்லை. ஒரே கட்டியில் இந்த முனைக்கு ஓர் எண், அந்த முனைக்கு ஓர் எண், நடுவில் வேறோர் எண் இருக்கும். எங்கே தொட்டு அளந்தோம் என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது இயற்பியல் இல்லை, என் அப்பா. அவர் நகைத் தொழிலாளி. தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பட்டறை இருந்தது. கும்மட்டி அடுப்பு, ஊதுகுழல், மூசை, சாமணம், எண்ணெய் ஏறிப் பளபளக்கிற ஒரு கறுப்பு உரைகல். அடகுக் கடைக்காரர்கள் சந்தேகமான வளையல் வந்தால் அப்பாவிடம் கொண்டு வருவார்கள். அவர் ஓரிடத்தில் உரசிவிட்டுப் பதில் சொன்னதே கிடையாது. வளையலின் வெளிப்பக்கம் ஒரு உரை, உட்பக்கம் ஒரு உரை, அப்புறம் பொடி வைத்து ஊதிய ஒட்டில் ஒரு உரை. கல்லில் மூன்று கோடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒட்டின் கோடு மட்டும் எப்போதும் கொஞ்சம் வெளிறித் தெரியும். "ஒட்டுல மாத்துக் குறையத்தான்டா செய்யும். அதுக்காக வளையலே மட்டம்னு சொல்லக் கூடாது. ஒட்டை மறைச்சுட்டு முழு மாத்துன்னும் சொல்லக் கூடாது" என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு குறைகடத்தித் துண்டின் ஒரு முனையைச் சூடாக்கி மறு முனையைக் குளிர்ச்சியாக வைத்தால் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் பெர்லினில் தாமஸ் சீபெக் இதைக் கண்டார். அதனால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை மைக்ரோவோல்ட் என்ற கணக்குக்குச் சீபெக் கெழு என்று பெயர். பிஸ்மத் டெல்லுரைடு போன்ற நல்ல பொருளுக்கு அது ஒரு டிகிரிக்கு 200 மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும். மின்னோட்டத்தைச் சுமந்து போவது எலக்ட்ரான் என்றால் குறி மைனஸ், எலக்ட்ரான் இல்லாத வெற்றிடம் என்றால் பிளஸ். தகுதி எண்ணுக்கு இந்தக் கெழுவின் வர்க்கத்தோடு மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் பெருக்கி, வெப்பக்கடத்துதிறனால் வகுக்க வேண்டும். வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். கெழுவில் பத்து சதவீதம் கூடிப்போனால் தகுதி எண்ணில் இருபத்தொரு சதவீதம் கூடிவிடும். அளவில் ஒரு சின்னப் பிசகு, செய்தித்தாளில் ஒரு பெரிய சாதனையாக வந்துவிடலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த நிறுவனம், யார் என்று எழுத விரும்பவில்லை. 2011 கடைசியில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி பிஸ்மத் டெல்லுரைடு வளர்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, கை சுத்தம். நூறு கிராம் கட்டி வேண்டுமென்றால் பிஸ்மத் 52.2 கிராம், டெல்லூரியம் 47.8 கிராம் என்று நாலாவது தசம இடம் வரை நிறுத்து, குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை வெளியே எடுத்து மூடி, உலையில் உருக்கினார். பிஸ்மத் டெல்லுரைடு ஏறக்குறைய 585 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய பிறகு குழாயை உலையிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினால் அடியிலிருந்து உறைந்துகொண்டே மேலே போகும். ஒரு வாரம் கழித்து, விரல் கனத்தில் வெள்ளி போல மின்னுகிற ஒரு தண்டு கிடைத்தது. நகத்தால் நெம்பினால் அப்ரகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும்.

அதிலிருந்து மூன்று சின்னச் சட்டங்கள் அறுத்துக் கொடுத்தேன். மூன்றின் சீபெக் கெழுவையும் நானே அளந்தேன். அடியிலிருந்து எடுத்தது பிளஸ் 205 மைக்ரோவோல்ட். மேலிருந்து எடுத்தது மைனஸில் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டுக்கும் இடையிலிருந்து எடுத்தது சுமார் பூஜ்யம்.

வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, நான் கம்பியை மாற்றிப் போட்டுவிட்டேன் என்றார். மாற்றவில்லை என்றேன். மறுபடி அளந்தேன், அதே எண். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். நல்லா வந்த துண்டோட எண்ணைக் கட்டுரையில போட்டுட்டுப் போங்க." அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. பேராசிரியர் மட்டத்தில் இருப்பவரிடம் என் மட்டத்தில் இருப்பவன் எதிர்த்துப் பேசுவது அங்கே வழக்கம் இல்லை.

அந்தப் பழமொழி பொய் இல்லை. ஆனால் அது சோற்றுக்குச் சொன்னது. உலைநீர் கொதித்துப் புரண்டு எல்லா அரிசிக்கும் ஒரே சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால்தான் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதுமாக இருக்கிறது. கல்யாண வீட்டில் விறகடுப்பில் பெரிய அண்டாவில் ஆக்குகிற சமையல்காரர், மேலே ஒரு பருக்கை எடுத்தாலும் அடியில் கரண்டியை விட்டும் ஒரு தடவை பார்ப்பார். அடுப்பின் சூடு எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். உறைகிற கட்டியில் கொதிப்பும் இல்லை, புரட்டலும் இல்லை.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு ஒரு வேலை செய்தேன். முதலாண்டு மாணவர்களுக்குச் செய்து காட்டுகிற பழைய சோதனைதான். சாலிடரிங் இரும்பைச் சூடாக்கி, மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை அதன் நுனியோடு சேர்த்து, கறுப்புக் கம்பியைத் தண்டின் குளிர்ந்த முனையில் வைத்து, சூடான நுனியால் தண்டின் மேல் தொட்டுக்கொண்டே போனேன். எலக்ட்ரான் அதிகமான இடத்தில் மீட்டர் பிளஸ் காட்டும், வெற்றிடம் அதிகமான இடத்தில் மைனஸ் காட்டும் (சிவப்புக் கம்பி சூட்டுப் பக்கம் இருப்பதால் கெழுவின் குறிக்கு இது நேர்மாறு). அடியிலிருந்து தொட்டு வந்தேன். மைனஸ், மைனஸ், மைனஸ். தண்டில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் எண் குறைந்து தடுமாறி, அடுத்த தொடலில் பிளஸ்ஸுக்குப் போய்விட்டது. மறு முனைவரை பிளஸ்தான். திரும்பி வந்தேன். அதே இடத்தில் குறி மாறியது. பென்சிலால் அங்கே ஒரு கோடு போட்டு வைத்தேன்.

காரணம் அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிஸ்மத் இரண்டு அணுவுக்கு டெல்லூரியம் மூன்று அணு என்று எவ்வளவு கச்சிதமாக நிறுத்துப் போட்டாலும், அந்த உருகலிலிருந்து முதலில் உறைகிற படிகம் ஒரு துளி பிஸ்மத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். டெல்லூரியம் இருக்க வேண்டிய இடத்தில் சில பிஸ்மத் அணுக்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே வெற்றிடங்கள் பெருகும், குறி பிளஸ். வேண்டாம் என்று தள்ளிவிட்ட டெல்லூரியம் மிச்ச உருகலில் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் உறையும் பகுதியில் எலக்ட்ரான் அதிகமாகும், குறி மைனஸ். ஆக அவர் நிறுத்ததில் தப்பில்லை, நான் அளந்ததிலும் தப்பில்லை. கட்டி முழுக்க ஒரே பொருள் என்று நாங்கள் நினைத்ததுதான் தப்பு.

இந்த விஷயத்துக்கென்றே வெளிநாட்டில் கருவி இருக்கிறது. ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் உள்ள விண்வெளி ஆய்வு மையத்தார் உருவாக்கியது. சூடான ஊசி முனை ஒன்று. அதற்குள்ளே செம்பும், கான்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலவையும் சேர்ந்த தெர்மோகப்பிள், அதாவது சூட்டை அளக்கிற கம்பி ஜோடி. மாதிரித் துண்டைச் செம்புக் கட்டையில் பிடித்து வைத்து, அந்தக் கட்டையிலும் இன்னொரு தெர்மோகப்பிள். ஊசி வந்து தொடும், இரண்டு மின்னழுத்தத்தைப் படிக்கும், தூக்கிக்கொள்ளும், ஒரு மயிரிழை நகரும், மறுபடி தொடும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட அதில் பிரித்துப் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் தொட்டு வந்தால் பத்தாயிரம் புள்ளி. புள்ளிக்கு நாலு விநாடி என்று வைத்தாலும் பதினோரு மணி நேரம்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இரண்டு மின்னழுத்தக் கணக்கு. செம்புக்கும் செம்புக்கும் நடுவில் ஒன்று, கான்ஸ்டன்டனுக்கும் கான்ஸ்டன்டனுக்கும் நடுவில் ஒன்று எடுக்க வேண்டும். உதாரணமாக முதலாவது 990 மைக்ரோவோல்ட், இரண்டாவது 1190 என்று வருகிறது. வித்தியாசம் 200. செம்பு, கான்ஸ்டன்டன் ஜோடி ஒரு டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் தரும் என்பது தெரிந்த கணக்கு. அப்படியானால் சூடு வித்தியாசம் 5 டிகிரி. 990-ஐ 5-ஆல் வகுத்தால் 198. செம்புக் கம்பியின் சொந்தப் பங்கு ஏறக்குறைய 2, அதைக் கூட்டினால் 200. தொட்ட இடத்தின் கெழு அதுதான். தனியாக வெப்பமானி வைக்காமலே கணக்கு முடிந்துவிடுகிறது. இதை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கருவியை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. நாங்களே செய்தோம். மின்சுற்றுப் பலகையில் ஓட்டை போடுகிற பழைய இயந்திரம் ஒன்று ஸ்டோரில் தூசி படிந்து கிடந்தது. அதன் ஸ்டெப்பர் மோட்டார்கள் நன்றாக இருந்தன. மின்னணுவியல் துறைப் பையன் ஒருவன் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். முனைக்கு ஒரு செம்புக் குச்சியை எடுத்து, அப்பாவின் பொடி அரத்தால் மூன்று நாள் ராவினேன். கடைசியில் நுனி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்கு வந்தது. அதற்குமேல் ராவினால் தொடும்போது மடங்கிவிடுகிறது. கொலோன் கருவியோடு ஒப்பிட்டால் இது மொண்ணை. ஆனால் எங்கள் கேள்விக்கு அது போதுமானதாக இருந்தது.

தண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, முப்பது மில்லிமீட்டர் நீளம், பத்து மில்லிமீட்டர் அகலத்துக்கு முகம் பாலிஷ் போட்டோம். கால் மில்லிமீட்டர் இடைவெளி. 120-ஐ 40-ஆல் பெருக்க, 4800 புள்ளி. புள்ளிக்கு ஐந்து விநாடி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட விட்டால் ஒரு மணிக்குள் முடிய வேண்டும். முடியவில்லை. 2012-ஆம் வருஷம் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மின்வெட்டு. பாதியில் நின்றுபோனால் முனை ஆறிவிடும், கட்டையின் சூடும் மாறிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு ராத்திரி அப்படிப் போனது. ஐந்தாம் நாள் என் மைத்துனரின் லாரி பேட்டரியையும் ஓர் இன்வெர்ட்டரையும் ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினேன்.

வேறு தொல்லைகளும் இருந்தன. மின்விசிறி ஓடினால் எண் ஆடும்; அட்டைப் பெட்டியால் மூடி வைத்தோம். பாலிஷ் போட்டு இரண்டு நாள் விட்டால் மேலே மெல்லிய ஆக்சைடு படிந்து அளவு கெடும். அறுத்த அன்றே அளந்தோம். பெரிய தொல்லை ஒன்று உண்டு. தெர்மோகப்பிள் சரியாகத் தொடும் இடத்தில் இருக்காது, கொஞ்சம் மேலே முனைக்குள் இருக்கும். தொட்ட நிமிஷத்தில் அந்த இடம் அதைவிடக் குளிர்ந்துவிடும். நாம் ஐந்து டிகிரி என்று நினைப்போம், உண்மையில் நாலரைதான் இருக்கும். அதனால் இந்த ஊசிக் கருவிகள் உண்மையான கெழுவைவிடக் குறைத்துத்தான் காட்டும். இதைச் சரிபார்க்க, கெழு நிச்சயமாகத் தெரிந்த துண்டு ஒன்று வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2011-இல் இதற்கென்றே பிஸ்மத் டெல்லுரைடில் ஒரு தரப் பொருளைக் கொண்டுவந்தது; எண் 3451. அதை வாங்கவும் எங்களுக்கு வழியில்லை. கான்ஸ்டன்டன் துண்டு ஒன்றைப் பெரிய கருவியில் அளந்து, அதையே எங்கள் படிக்கல்லாக வைத்துக்கொண்டோம். அதனால் எங்கள் எண்களை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் நம்பத் தகுந்தது.

படம் கையில் வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்கு நீலம், பூஜ்யத்துக்கு வெள்ளை என்று வைத்திருந்தோம். கீழே சிவப்பு, மேலே நீலம், நடுவில் வெள்ளைப் பட்டை. இதுவரை நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் வெள்ளைப் பட்டை நேராக இல்லை. நடுவில் தொங்கி, ஓரங்களில் ஏறி, பிறை மாதிரி வளைந்திருந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது உறைஞ்ச முகம் அண்ணே" என்றார். குழாயின் சுவர் நடுவைவிடச் சீக்கிரம் ஆறியிருக்கிறது. ஒரே நேரத்தில் உறைந்த இடங்களெல்லாம் ஒரே நிறத்தில் நிற்கின்றன. உலைக்குள் யாரும் பார்க்க முடியாத ஒன்று, ஆறின பிறகு கல்லில் எழுதி வைத்த மாதிரி காகிதத்தில் இருந்தது. சிவப்புக்கு நடுவே கடுகளவில் நீலப் பொட்டுகள் மூன்று. இறங்கும் வேகம் கொஞ்சம் கூடியதால் டெல்லூரியம் அங்கே சிக்கிக்கொண்டது. இறக்கும் வேகத்தைக் குறைத்த அடுத்த தண்டில் பொட்டு இல்லை, பிறையும் பாதியாகத் தட்டையாகி இருந்தது.

பேராசிரியர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "நல்ல துண்டை மட்டும் போடு" என்ற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. மாணவிக்கு இதில் நாலு மாதம் போயிற்று. நாலு மாதம் உதவித்தொகை நீட்டிப்புக்காக அலைந்தார், வீட்டில் பேச்சு வாங்கினார். கடைசியில் அடிப்பகுதியின் சீரான இடத்திலிருந்து மட்டும் சட்டங்கள் எடுத்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று படத்தில் குறித்து, எண்ணோடு கூடக்குறைய எவ்வளவு என்பதையும் போட்டு எழுதினார். எண் முதலில் கிடைத்த 205-ஐவிடக் கொஞ்சம் சின்னது. அந்த எண் யார் எப்போது திரும்ப அளந்தாலும் வரும்.

ஒரே இடத்தில்கூடத் திசை மாறினால் எண் மாறும் என்பதையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2014-இல் அமெரிக்காவில் டின் செலினைடு ஒற்றைப் படிகத்தில் 650 டிகிரி செல்சியஸில் தகுதி எண் 2.6 என்று வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதே படிகத்தை அடுக்குகளுக்குக் குறுக்கான திசையில் அளந்தால் 0.8 தான். அந்த ஆய்வாளர்கள் இரண்டையும் மறைக்காமல் எழுதினார்கள். ஆனால் பல இடங்களில் என்ன நடக்கிறது? தூளை அழுத்திச் செய்த வில்லையில் வெப்பக்கடத்துதிறனை ஒரு திசையில் அளப்பார்கள், மின்கடத்துதிறனை வேறொரு சட்டத்தில் வேறு திசையில் அளப்பார்கள். சாதகமான இரண்டும் ஒரே சூத்திரத்தில் சேர்ந்துவிடும். அப்படி ஒரு துண்டே உலகத்தில் கிடையாது. அதற்கு ஒரு தகுதி எண் மட்டும் இருக்கும்.

அதே டின் செலினைடைத் தூளாக்கி அழுத்திச் செய்தவர்களுக்குப் பல வருஷம் அந்தப் பலன் வரவே இல்லை. சூடு எதிர்பார்த்ததைவிட எளிதாகக் கடந்து போனது. ஒவ்வொரு துகளின் மேலும் ஒட்டியிருந்த மெல்லிய டின் ஆக்சைடுத் தோல்தான் காரணம். சூட்டை அந்தத் தோல் கடத்திக்கொண்டு போய்விட்டது. 2021-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அதை நீக்கிக் காட்டியபோது எண் 3.1-க்குப் போனது. கட்டி முழுவதற்கும் ஒரே எண் என்று பார்த்துக்கொண்டிருந்தவரைக்கும் பொருளே மட்டம் என்றுதான் தோன்றியது. மட்டம் ஒட்டில் இருந்தது.

நம் பக்கத்து பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கனிஷ்கா பிஸ்வாஸ் குழுவினர் அதே 2021-இல் வெள்ளி ஆன்டிமனி டெல்லுரைடில் 300 டிகிரியில் 2.6 கண்டார்கள். உங்கள் பெட்டியில் இருந்த 2.6 அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் காட்மியம் சேர்த்தார்கள் என்று மட்டும் எழுதினால் பாதிதான். தாறுமாறாக உட்கார்ந்திருந்த வெள்ளி, ஆன்டிமனி அணுக்கள் அதனால் அங்கங்கே சில நானோமீட்டர் அகலத்துக்கு ஒழுங்காக அணிவகுத்தன என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இடம் இடமாகப் பார்த்துச் சொன்னார்களே, அதுதான் எனக்குப் பெரிய வேலையாகப் படுகிறது.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் நடக்கிற நுணுக்கம், வெளியே யாருக்கு என்ன என்று கேட்கலாம். சென்னை ரிச்சி தெருவில் கையகலத்துக்கு ஒரு வெள்ளைச் சதுர வில்லை விற்கிறார்கள், சின்னக் கார் ஃபிரிட்ஜில் வைப்பது; இதே பொருள்தான், மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும். நாலு சென்டிமீட்டர் சதுரம். அதற்குள் 127 ஜோடி, அதாவது 254 குட்டிக் கால்கள் பிஸ்மத் டெல்லுரைடில் நிற்கின்றன. எல்லாம் ஒரே சங்கிலியாகக் கோத்தவை. ஒரே மின்னோட்டம் 254 வழியாகவும் போக வேண்டும். அதில் ஒரு கால், எங்கள் தண்டின் வெள்ளைப் பட்டையிலிருந்து அறுத்ததாக இருந்தால் அந்தக் கால் ஒரு வேலையும் செய்யாமல் மின்சாரத்தை வெறும் சூடாக மாற்றிக்கொண்டு நிற்கும். விரிசலான கால் ஒன்று இருந்தால் சங்கிலியே அறுந்துபோகும். 1977-இல் புறப்பட்ட நாசாவின் வாயேஜர் விண்கலங்களை நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் மூன்று ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு 312 ஜோடி, சிலிக்கன் ஜெர்மானியம். கிளம்பும்போது ஒரு கலத்துக்குச் சுமார் 470 வாட். யாரும் போய்ப் பழுதுபார்க்க முடியாத தூரத்தில் அவை இத்தனை வருஷம் ஓடியதற்கு, செய்தவர்கள் ஒவ்வொரு ஜோடியையும் அவ்வளவு சீராகக் கொண்டுவந்தது ஒரு காரணம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த மாதிரிப் பெட்டி போடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் போடுங்கள்: எந்த வெப்பநிலையில், எந்தத் திசையில். கட்டுரையாளர் ஆய்வாளரிடம் பேசினால், துண்டின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டதும் மேசை டிராயரைத் திறந்து படத்தை எடுத்துக் காட்டுகிறவரும் இருப்பார், பேச்சை மாற்றுகிறவரும் இருப்பார். கட்டுரையாளருக்கே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்தத் துறையில் உழைக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வில்லையை அழுத்தி எடுத்ததும் பெரிய கருவிக்கு வரிசையில் நிற்பதற்கு முன்னால் சாலிடரிங் இரும்பும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு நாலு ஓரத்திலும் நடுவிலும், இரண்டு முகத்திலும் தொட்டுப் பாருங்கள். கால் மணி நேரம்தான். எண் துல்லியமாக வராது, பரவாயில்லை. குறி மாறுகிறதா, அளவு தாண்டித் தாண்டிக் குதிக்கிறதா என்பது தெரிந்துவிடும். குதித்தால் பயந்து ஒளிக்காதீர்கள். எங்கள் மாணவிக்கு உலையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்ததே அந்தக் குதிப்புதான்.

நாங்கள் செய்த அந்தக் கருவியை நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் கழிவுப் பட்டியலில் எழுதிவிட்டார்கள். ஏலத்தில் 400 ரூபாய் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது எங்கள் வீட்டுப் பரணில் சாக்கு சுற்றி இருக்கிறது. போன மாதம் இறக்கித் துடைத்து ஓட்டிப் பார்த்தேன். மூன்று மோட்டாரும் ஓடுகின்றன, முனை மட்டும் தேய்ந்துவிட்டது. எந்தக் கல்லூரியாவது வேண்டும் என்று உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் என் முகவரியைத் தாராளமாகக் கொடுங்கள். காசு வேண்டாம். புது முனை ராவி மாட்டி, ஒரு நாள் கூட இருந்து ஓட்டிக் காட்டிவிட்டு வருகிறேன். அப்பாவின் பொடி அரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்,
மதுரை.